புது ஐஷேடோ பேலட்: கோளாறு டப்பாவிலா, கையிலா?

கேள்வி: எனக்கு 31 வயது. மாநிறம், எண்ணெய் வழியும் சருமம். 12 நிறங்கள் கொண்ட ஐஷேடோ பேலட் ஒன்று பரிசாக வந்தது. ஆசையில் ஒரே நாளில் நாலைந்து நிறங்களைப் போட்டுப் பார்த்தேன். வெளிர்ப் பழுப்பு சாம்பல் பூசியதுபோல் தெரிந்தது. அடர் நிறங்கள் திட்டுத்திட்டாக நின்றன. பொடி கண்ணுக்குக் கீழே உதிர்ந்து ஃபவுண்டேஷனையும் கெடுத்தது. விரலால் தொட்டால் ஜொலிக்கிற ஷிம்மர், பிரஷ்ஷில் எடுத்தால் மங்கிப்போகிறது. நிறம் நிற்பதற்காக அடியில் பூசும் பிரைமர் போட்டும் 2 மணி நேரத்தில் எல்லாம் இமை மடிப்பில் கோடாகத் திரண்டுவிட்டது. ஊதா நிறம் போட்ட அன்று மட்டும் லேசாக எரிந்தது. இப்போது ஒரு ஷிம்மர் தட்டின் மேல் வழுவழுவென்று ஏதோ படிந்து நிறமே ஏறுவதில்லை. பேலட் மட்டமா, எனக்குத்தான் போடத் தெரியவில்லையா? தங்கையும் கேட்கிறாள். அவளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த ஊதாவைப் பார்த்துவிடுவோம். மற்ற குறைகளெல்லாம் அழகு சம்பந்தப்பட்டவை, இது கண் சம்பந்தப்பட்டது.

எரிச்சல் எப்போது வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போட்ட சில நிமிடங்களில் கண்ணுக்குள் உறுத்தி, நீர் வடிந்து, கழுவியதும் அடங்கியது என்றால் துகள் உள்ளே விழுந்திருக்கும். அது போட்ட விதத்தில் வந்த வினை. இமையின் மேல்தோலே எரிந்து சிவந்திருந்தால் அந்த நிறம் உங்கள் தோலுக்கு ஆகவில்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு: போட்ட அன்று ஒன்றுமே இருக்காது, ஒன்றிரண்டு நாள் கழித்து இமை அரிக்கும், தடிக்கும், தோல் உரியும். தொடு ஒவ்வாமை பெரும்பாலும் இப்படித்தான் தாமதித்து வரும். அதனால்தான் திங்கட்கிழமை போட்டதை விட்டுவிட்டுப் புதன்கிழமை போட்டதன் மேல் பழி போடுகிறோம்.

பேலட் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதன் பின்புறத்தைப் படியுங்கள். சிவப்பு, ரோஜா, ஊதா, நியான் நிறங்களுக்கு அருகே ‘கண் பகுதிக்கு உரியதல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கலாம். சிலர் அவற்றை ஐஷேடோ என்று சொல்லாமல் ‘பிரஸ்டு பிக்மென்ட்’ (அழுத்திய நிறமி) என்று பெயர் வைத்து விற்பார்கள். அமெரிக்க விதிப்படி கண்ணருகே போட எந்த நிறமிக்கு அனுமதி என்று தனியாகவே வரையறை இருக்கிறது. உதட்டுக்கு அனுமதித்த சில சிவப்புச் சாயங்களுக்குக் கண்ணில் இடமில்லை. ஐரோப்பிய விதி வேறு. ஒரே நிறம் ஓரிடத்தில் ஐஷேடோவாகவும் வேறோரிடத்தில் எச்சரிக்கை வாசகத்தோடும் விற்பது இதனால்தான். அந்த எச்சரிக்கை உங்கள் பெட்டியில் இருந்தால் ஊதாவைக் கண்ணில் போடாதீர்கள், அவ்வளவுதான். சேர்மானப் பட்டியலில் சிஐ 75470 என்ற நிறமிக் குறியீட்டு எண் இருந்தால் அது கார்மைன். ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி அது. கண்ணுக்கு அனுமதி பெற்றதுதான், ஆனால் சிலருக்கு ஒவ்வாமை தரும். 77491, 77492, 77499 ஆகியவை இரும்பு ஆக்சைடுகள். பழுப்பு, மஞ்சள், கறுப்புச் சாயல்களெல்லாம் இவற்றிலிருந்துதான் வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இவை தொந்தரவு தருவதில்லை.

இதே பெட்டியிலோ பேலட்டின் அடியிலோ, மூடி திறந்த டப்பாவின் படம் ஒன்றும் அதற்குள் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். திறந்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டிவையுங்கள். யாருக்கும் நினைவிருக்காது.

ஐஷேடோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் இன்னொன்றையும் கவனியுங்கள். இமை அரிப்புக்கு நகப்பூச்சும் தலைச்சாயமும்கூடக் காரணமாவதுண்டு. விரலில் ஒன்றும் தெரியாது. அதே விரலால் கண்ணைத் தேய்த்தால் இமை காட்டிக்கொடுத்துவிடும். இமைத்தோலின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். உடம்பிலேயே மெல்லிய தோல் அது. அந்த வாரத்தில் நகத்துக்கு, தலைக்கு, முகத்துக்குப் புதிதாக எதையாவது போட்டீர்களா என்று யோசியுங்கள்.

இனி எந்த நிறத்தையும் நேராகக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம். முழங்கை மடிப்புக்குக் கீழே, கையின் உள்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் பூசுங்கள், கழுவாமல் விடுங்கள். 7 நாள் இப்படிச் செய்யுங்கள். சந்தேகப்படும் நிறங்களுக்கு இது கட்டாயம். நான்கு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வாரத்தில் சோதிக்கலாம், எது எங்கே என்று குறித்துக்கொண்டால் போதும். கைத்தோல் இமையைவிடத் தடிமன் என்பதால் கையில் தேறியது கண்ணில் தோற்கவும் கூடும். ஆகவே கையில் தேறியதை முதல் நாள் ஒரே ஒரு கண்ணின் வெளி ஓரத்தில் கொஞ்சமாகப் போட்டு, 2 நாள் பொறுத்துப் பாருங்கள். இமை வீங்கினாலோ, கண் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ சோதனையெல்லாம் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது உங்கள் பெரிய கேள்வி. நீங்கள் சொன்ன குறைகளில் பாதிக்கு மேல் இமையில் முதலில் போட்ட அடித்தளத்திலிருந்து வருபவை. ஆனால் அதைக் கடிதத்தைப் படித்து நான் சொல்வதைவிட, உங்கள் இரண்டு கண்களே சொல்லிவிடும். ஒரே நாளில் ஐந்து நிறம், புது பிரைமர், புது பிரஷ் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எது சொதப்பியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எப்படியென்றால், மூன்றே மூன்று நிறங்களை எடுங்கள்: ஒரு நடுத்தர மேட் (மினுக்கில்லாத நிறம்), ஓர் அடர் மேட், ஒரு ஷிம்மர் (மினுக்கும் நிறம்). இடது கண்ணில் பிரைமர் போடுங்கள், வலது கண்ணில் போடாதீர்கள். மற்ற எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஜன்னல் வெளிச்சத்தில், போட்டவுடன், 2 மணி நேரம் கழித்து, 4 மணி நேரம் கழித்து, 8 மணி நேரம் கழித்துப் படம் எடுங்கள். படத்தில் கண்ணைத் தாழ்த்தியும் ஒன்று வேண்டும், நேராகப் பார்த்தும் ஒன்று வேண்டும். குளியலறை விளக்கை நம்பாதீர்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சம் மடிப்பில் நிழல் போட்டு, இல்லாத கோட்டைக் காட்டும்.

பிரைமர் போடாத கண் மட்டும் கோடு போட்டால் காரணம் உங்கள் இமையின் எண்ணெய். பிரைமர் போட்டுக்கொண்டே இருங்கள். பிரைமர் போட்ட கண் முதலில் கோடு போட்டால் பிரைமர் அதிகம், அல்லது அது காயுமுன் பொடியைப் போட்டுவிட்டீர்கள். இரண்டும் ஒன்றுபோல் கோடு போட்டால் அதற்கு முன் பூசிய கிரீமைச் சந்தேகப்படுங்கள். கண் கிரீம் பூசி 5 நிமிடத்தில் ஐஷேடோ போட்டால் எந்தப் பேலட்டும் வழுக்கத்தான் செய்யும். 20 நிமிடம் விட்டு, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பிரைமருக்குப் பதிலாக, கருவளையத்தை மறைக்கப் பூசும் கன்சீலரைப் போடுகிற பழக்கம் இருந்தால், எண்ணெய் இமைக்கு அது சரிப்படாது. கெட்டியான கன்சீலர் இமை அசைய அசைய மடிப்புக்குள் போய்ச் சேரும், மேலே இருக்கும் நிறத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிரைமர் எவ்வளவு? தீக்குச்சி மருந்து முனை அளவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. இதைப் படித்ததும் பலருக்கு நம்பிக்கை வராது. இமையில் தோலின் நிறம் சற்றே சமமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வெண்மையாகவோ தடிப்பாகவோ தெரிந்தால் அதிகமாகிவிட்டது. மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பி ஒரு நிமிடம் விடுங்கள்.

இனித் திட்டுத்திட்டாக நிற்கும் விவகாரம். ஈரப்பசையுள்ள பிரைமர் மேல் அடர் மேட் நிறத்தை வைத்தால் பிரஷ் முதலில் தொட்ட இடத்தில் பொடி அப்பிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தத் திட்டு நகராது, சுற்றியுள்ள நிறம்தான் போகும். இதைத் தவிர்க்க, மடிப்பிலும் அதற்கு மேலும் உங்கள் தோல் நிறத்து மேட் பொடியை மெல்லிசாக ஒற்றிவிடுங்கள். கண்ணை மூடினால் தெரிகிற இமைப்பகுதியை, அதாவது ஷிம்மர் வரப்போகிற இடத்தை, அப்படியே பசையோடு விட்டுவிடுங்கள். மேட்டுக்கு வழுக்கும் தளம் வேண்டும், ஷிம்மருக்கு ஒட்டும் தளம் வேண்டும். ஒரே இமையில் இரண்டும் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

மேட் போடும்போது பஞ்சுபோன்ற பிளெண்டிங் பிரஷ்ஷை எடுத்து, கைப்பிடியின் கடைக்கோடியில் பிடியுங்கள். நுனிக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தம் தானாகவே கூடிவிடும். தட்டில் சுழற்றிச் சுரண்டாமல் நுனியால் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை தொடுங்கள். கைப்பிடியை மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டி அதிகப்படியான பொடியை உதிருங்கள். நிறம் எங்கே அதிகம் வேண்டுமோ, அதாவது வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில், முதலில் வையுங்கள். ஏனென்றால் பிரஷ் முதலில் வைத்த இடத்தில்தான் பாதிக்கு மேல் இறங்கும். அங்கிருந்து காரின் வைப்பர்போல இப்படியும் அப்படியும் மடிப்போடு கொண்டுபோங்கள். போதாதென்றால் இன்னொரு மெல்லிய பூச்சு. மூன்று மெல்லிய பூச்சு, ஒரு கனத்த பூச்சைவிட எப்போதும் சமமாக இருக்கும். விளிம்பைக் கரைக்கப் பொடியே இல்லாத இரண்டாவது பிரஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் எடுத்த பிரஷ்ஷாலேயே விளிம்பைக் கரைக்கப் பார்த்தால் நிறம் புருவம் வரை போகும்.

கண் திறந்தால் இமை மறைந்துவிடுகிற அமைப்பு உங்களுக்கு இருந்தால், மடிப்பிலேயே நிறம் வைப்பது வீண். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலே வையுங்கள்.

சாம்பல் பூத்ததுபோல் தெரிந்த வெளிர்ப் பழுப்புக்கு வருவோம். இங்கே உங்கள் கையில் குற்றமில்லை. வெளிர் மேட் நிறங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிகம், டால்க் போன்ற நிரப்பிகளும் உண்டு. உங்கள் தோலைவிட வெளிறிய அந்தப் பொடி மாநிறத்தின் மேல் படிந்தால் கீழே உள்ள நிறம் அரைகுறையாகத் தெரிந்து சாம்பலாக நிற்கும். அதை மடிப்பில் போட வேண்டும் என்று பேலட்டோடு வந்த படவிளக்கம் சொல்லியிருந்தால், அது வெளிறிய தோலுக்கு எழுதியது. உங்களுக்கு மடிப்பு நிறம் என்பது தோலைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்த, செம்மை அல்லது ஆரஞ்சு சாயல் உள்ள பழுப்பு. செங்கல், கருகிய ஆரஞ்சு, செம்பழுப்பு போன்றவை மாநிறத்தில் கேட்காமலே எடுபடும். வெளிர்ப் பழுப்பு வீணாகப் போகாது. புருவ எலும்பின் கீழே துளி, கண்ணின் உள்மூலையில் துளி என்று வைக்கலாம். அங்கேயும் சாம்பலாகத் தெரிந்தால் அதை மறந்துவிடுங்கள். 12 நிறப் பேலட்டில் 8 உங்களுக்கு உதவினாலே அது நல்ல பேலட்தான்.

இன்னொரு வகைச் சாம்பலும் உண்டு. ஊதாவையும் மஞ்சள் தங்கத்தையும், அல்லது பச்சையையும் செம்பழுப்பையும், இடையில் எதுவும் வைக்காமல் ஒன்றோடொன்று கரைத்தால் சேற்று நிறம் வரும். அங்கே பிரஷ்ஷை மாற்றாததும் காரணமாக இருக்கலாம். உலர்ந்த நுரைப்பஞ்சில் நாலு முறை துடைத்துவிட்டு அடுத்த நிறம் தொடுங்கள்.

விரலில் ஜொலிக்கிற ஷிம்மர் பிரஷ்ஷில் ஏன் மங்குகிறது? ஷிம்மரின் துகள் உருண்டை அல்ல, சின்னஞ்சிறு தகடு. மைக்கா என்ற கனிமத்தின் தகட்டு மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசியிருப்பார்கள். அந்தத் தகடுகள் தோலின் மேல் தட்டையாகப் படிந்தால் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, எல்லாம் ஒரே திசையில் ஒளியைத் திருப்பும். விரல் அழுத்துவதால் படிகின்றன. பஞ்சு பிரஷ் அவற்றைக் கண்டபடி நிற்கவைக்கிறது, ஒளி சிதறிப்போகிறது. ஆகவே ஷிம்மரைத் தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். மோதிர விரல், அல்லது தட்டையான செயற்கை இழை பிரஷ். இன்னும் பளிச்சென்று வேண்டுமானால் முதலில் பொடியை எடுங்கள், பிறகு பிரஷ்ஷின் மேல் செட்டிங் ஸ்ப்ரேயை (மேக்கப் கலையாமலிருக்க அடிக்கும் திரவம்) ஒரே ஒரு முறை அடியுங்கள், பிறகு இமையில் ஒற்றுங்கள். ஈர பிரஷ்ஷைத் தட்டில் நேராக வைத்தால் அந்த இடம் இறுகிப்போகும்.

பேலட்டில் கரகரப்பான பெரிய மினுக்குத் துகள் இருந்தால் அதை இமை விளிம்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். கைவினைக்கு விற்கும் கிளிட்டரைக் கண்ணில் போடவே கூடாது, கருவிழியைக் கீறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரென்றால் லென்ஸை முதலில் போட்டுக்கொண்டு மேக்கப் போடுங்கள், கலைக்கும்போது லென்ஸைக் கழற்றிவிட்டுக் கலையுங்கள்.

அந்த வழுவழுப்பு, நீங்கள் விரலால் தொட்டதால் வந்தது. விரலிலிருந்த எண்ணெயும் கிரீமும் பொடியின் மேல்பரப்பில் இறங்கி, அழுத்தத்தில் மெழுகுப் படலம்போல் இறுகிவிட்டது. நிறம் கெடவில்லை, படலத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஒட்டும் டேப்பை மேலே லேசாக வைத்து எடுங்கள். அழுத்தினால் கட்டியே கையோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை எடுத்தும் போகவில்லையென்றால் சுத்தமான மஸ்காரா பிரஷ்ஷின் நுனியால் மேலாகச் சுரண்டி, பொடியைத் தட்டிவிடுங்கள். இனி விரலால் எடுக்குமுன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

உதிர்வதைப் பொறுத்தவரை வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். கண் முதலில், ஃபவுண்டேஷனும் கன்சீலரும் பிறகு. உதிர்ந்ததைத் தேய்க்காமல் காய்ந்த பெரிய பிரஷ்ஷால் விசிறித் தள்ளிவிட்டு, மிச்சத்தை மைசெல்லார் நீர் (மேக்கப் கலைக்கும் நீர்) தொட்ட பட்ஸால் துடைத்து, அதன் மேல் கன்சீலர். கண்ணுக்குக் கீழே பவுடரைக் குவித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் முறையைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உதிர்ந்ததைத் தள்ளின பிறகும் பவுடரில் கொஞ்சம் நுண்கோடுகளில் தங்கி, கண்ணுக்குக் கீழே வறண்டுபோனதாகக் காட்டும்.

சோதனை நாட்களில் கலைப்பதிலும் கவனம் வேண்டும். ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய இமையில் 20 முதல் 30 வினாடி வைத்துவிட்டு, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் எடுங்கள். பரபரவென்று தேய்த்தால் இமை சிவந்துவிடும், அதை ஒவ்வாமை என்று தப்பாகக் கணக்கெழுதுவீர்கள். கழுவிய பிறகும் தோலில் ரோஜா அல்லது ஊதாக் கறை நிற்கிறதென்றால் அது சாய நிறமி. கெடுதல் என்று பொருளில்லை, ஆனால் அடுத்த முறை அடியில் பிரைமர் இல்லாமல் அதைப் போடாதீர்கள்.

இத்தனையும் செய்து மூன்று தடவை போட்ட பிறகும் சரிப்படவில்லையென்றால் அப்போது பேலட்டைக் குறை சொல்லலாம். ஷிம்மரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஷிம்மர் தானாகவே வழுக்கிப் படியும், மலிவான பேலட்டிலும் கண்ணைப் பறிக்கும். தயாரிப்பவரின் கைத்திறன் மேட்டில்தான் தெரியும், அதிலும் அடர் மேட்டில். பிரஷ் பட்டவுடன் புகைபோலப் பொடி எழும்பினால் கட்டியில் பிணைப்பு குறைவு. பத்துத் தடவை தொட்டும் பிரஷ்ஷில் ஏதும் வராவிட்டால் பிணைப்பு அதிகம், அல்லது அதிகமாக அழுத்திவிட்டார்கள். மூன்று மெல்லிய பூச்சுக்குப் பிறகும் நிறம் அடர்த்தி ஏறாமல், நாலாவது பூச்சில் கீழே உள்ளதையும் பெயர்த்துக்கொண்டு வந்தால் அந்த நிறம் தேறாது. ஆனால் கருநீலம், கரு ஊதா மேட்கள் நல்ல பேலட்களிலும் கொஞ்சம் முரண்டு பிடிப்பவை. அவை இரண்டு மட்டும் திட்டாக நின்றால் முழுப் பேலட்டையும் தள்ளிவிட வேண்டாம். அவற்றைத் தேய்க்காமல் ஒற்றி, விளிம்பில் மட்டும் செம்பழுப்பால் கரைத்துப் பாருங்கள். வாசனை மாறியிருந்தாலோ, மேல்பரப்பில் புள்ளி புள்ளியாக ஏதாவது பூத்திருந்தாலோ யோசிக்க ஒன்றுமில்லை, குப்பைதான்.

தங்கைக்குக் கொடுக்கலாம், உங்கள் பிரஷ்ஷோடு அல்ல. அவளுக்குத் தனி பிரஷ் வேண்டும், விரலால் தொடக் கூடாது. வேண்டிய நிறத்தைச் சுத்தமான சிறு கரண்டியால் லேசாகச் சுரண்டி ஒரு மூடியில் கொட்டிக் கொடுப்பது இன்னும் நல்லது. உங்கள் இருவரில் யாருக்காவது கண் சிவந்து பீளை தள்ளினால் அந்த வாரம் பேலட்டை மூடிவையுங்கள். பிரஷ்களைச் சோப்பு நீரில் அலசி, இழைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் உலோகப் பட்டைக்குள் நீர் இறங்கிப் பசை விட்டுவிடும். கண் சிவந்திருந்த சமயத்தில் பயன்படுத்திய மஸ்காராவையும் திரவ ஐலைனரையும் எறிந்துவிடுங்கள். ஐஷேடோவை எறிய மனமில்லையென்றால், கண் குணமான பிறகு ஒவ்வொரு தட்டின் மேல்பரப்பையும் நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு அடியில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள்.